வணங்காக் கழுத்து

புனே கேம்ப், கோர்படி மற்றும் சுற்றுவட்டாரத்தில் வாழும் சகல தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நடைபெறவிருக்கும் சபை ஆண்டு விழாவில் தனிப்பாடல் பாடும் பாக்கியம் இந்த ஆண்டு பாக்கியவதிக்கு இல்லை.

அறிவிப்பு இதே வார்த்தைகளில் வரவில்லைதான். “தனிப்பாடலைச் சகோதரி ஜெபமணி ஆசீர் பாடுவார்கள்” என்று மட்டுமே சாலமோன் சார் போன வாரம் வாசித்தார். பாக்கியவதியின் காதில் விழுந்தது மேலே கண்டபடி.

சாலமோன் சார் வாரத்தில் ஆறு நாள் பாங்க் மேனேஜர், ஏழாவது நாள் பாடகர் குழுவின் தலைவர். லோன் இல்லை என்று சொல்கிற அதே குரலில் ஜெபமும் செய்வார். “காரணம் கேட்பீர்களானால், ழகரம்” என்று அன்றைக்கு அவர் விளக்கமும் கொடுத்தார். “நம் புனே பிள்ளைகளின் நாவிலிருந்து மறைந்துபோன அந்த எழுத்து, சகோதரி ஜெபமணியிடம் பத்திரமாக இருக்கிறது.”

பாக்கியவதி பிறந்தது, படித்தது, மனுவேலுக்குக் கழுத்தை நீட்டியது எல்லாமே புனேயில். பழத்தைப் ‘பளம்’ என்பாள். பாதி நாள் அதுவும் கிடையாது, ‘ஃப்ரூட்’. ஜெபமணியோ மனுவேலின் தம்பி ஆசீரைக் கட்டிக்கொண்டு நாசரேத்திலிருந்து வந்து இறங்கியவள். வரும்போது ஒரு கிரைண்டர், ஒரு பீரோ, ஒரு ழகரம் கொண்டுவந்தாள். கிரைண்டரும் பீரோவும் மாடியோடு நின்றன. ழகரம் படியிறங்கிச் சபைவரை வந்துவிட்டது.

அறிவிப்பு முடிந்ததும் முதலில் கைதட்டியவள் பாக்கியவதி. கடைசியாக நிறுத்தியவளும் அவள்தான். இத்தனை வருஷமும் அந்தத் தனிப்பாடல் அவளுடையது.

சனிக்கிழமை காலை. மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. மாடியிலிருந்து ஆசீர் விடியுமுன்னே இறங்கி, ரஞ்சன்காவ் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியிருந்தான்.

“ஜெபமணி! ஏளா, ஜெபமணி!”

படியடியில் நின்று பாக்கியவதி கூப்பிட்டாள். பதில் இல்லை. ஒரு வாரமாகவே இந்தக் கதைதான். தனிப்பாடல் கிடைத்ததிலிருந்து மகாராணிக்குக் கூப்பிட்ட குரல் எட்டுவதில்லை.

மேலே போனாள். ஜெபமணி அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். குக்கர் வீடு அதிர விசிலடித்தும் திரும்பவில்லை. பாக்கியவதி அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் போய் நின்று மறுபடியும் கூப்பிட்டாள். அதற்கும் அசைவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“அக்கா! எப்ப வந்திய?”

“நீ எப்ப கேப்பியோ அப்பன்னு காத்துக்கிட்டு நிக்கேன்.”

“இல்லக்கா. தல ஒரே கனமா இருக்கு.”

அதைத்தான் பாக்கியவதி ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் நன்றாகப் பார்த்தாள். அன்புள்ளவர்கள் முகத்தைப் பார்த்து, “சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். முழுசாகப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் பொறாமைக்காரர்கள்தான். ஜெபமணியின் கன்னம் காய்ச்சலில் சிவந்திருந்தது. அதுவும் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது, சனியன். ஜன்னல் பக்கம் திரும்பாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். டெலிபோன் அடித்தபோது ரிசீவரை இடது காதில் வைத்து, முகம் சுளித்து, வலது காதுக்கு மாற்றினாள்.

இதற்குள் வைத்தியர் வந்துவிட்டார். மனுவேல் ராணுவ மருந்துக் கிடங்கில் ஹெட் கிளார்க். எந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அது எதற்கு என்று கேட்டால் கண்ணைத் திறந்துகொள்வார்.

“சைனஸ்” என்றார், வாசலிலேயே.

“காய்ச்சலும் விடமாட்டேங்கு பெரியத்தான்.”

“சைனஸ்ல வரும்.”

“இடது காது சுத்தமாக் கேக்கல.”

“சைனஸ் அடைச்சிருக்கும்.”

“வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கூசுது.”

மனுவேல் ஒரு கணம் தயங்கினார். “அதுவும் அந்த வகையறாதான்.”

போன வருஷம் ஆசீர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தபோதும் அவர் சொன்னது சைனஸ்தான்.

“ஏட்டி, பூண்டு தட்டிப் போட்டு எண்ணெயக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடு” என்று மனைவிக்கு உத்தரவிட்டு, காய்ச்சல் மாத்திரை ஒன்றை நீட்டினார். அந்த எண்ணெய் ஏற்கெனவே மூன்று நாளாக அந்தக் காதுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது.

“டாக்டர்ட்ட போனா ரெஸ்ட் எடுக்கச் சொல்லிருவாவ. நாளைக்குப் பாட்டு முடியட்டும். திங்கக்கெழம போறேன்” என்றாள் ஜெபமணி.

‘இப்பவே போயிட்டு வந்துருவோம்ளா’ என்று ஒரு வாக்கியம் பாக்கியவதியின் நாக்கு நுனிவரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போயிற்று.

ஒரு காதை வைத்துக்கொண்டு பாடட்டுமே. சபை கேட்கட்டுமே, அந்த ழகரத்தை.

மத்தியானம் கேம்ப்பிலிருந்த கோவிலில் ஒத்திகை. ஆர்கன் இருந்தது இடது பக்கம். ஜெபமணி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்.

“சார், ஆர்கன வலது பக்கம் வைக்க முடியுமா?”

பாடகர் குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இத்தனை வருஷம் ஆண்டு விழா நடந்திருக்கிறது, ஆர்கனை யாரும் ஊர்வலம் போகச் சொன்னதில்லை.

“அந்த ஆர்கன் வெள்ளைக்கார பாதிரியார் காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது, சகோதரி” என்றார் சாலமோன் சார். வெள்ளைக்காரர் போன பிறகும் எலிகளைத் தவிர அதை யாரும் அசைத்ததில்லை.

ஜெபமணி பாடினாள். முதல் அடியிலேயே சுருதி இறங்கியது. இடது பக்கத்தில் நின்ற பாக்கியவதிக்கு உடம்பெல்லாம் இனித்தது. இவளுக்கு ஆர்கன் கேட்கவில்லை. அது இந்தக் கூட்டத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும். சாலமோன் சார் கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். ழகரம் வந்த இடங்களில் ஆட்டம் கூடியது.

முடிவில் ஜெபம். எல்லாத் தலைகளும் குனிந்தன. பாக்கியவதியும் குனிந்தாள், ஆனால் கண்ணை மூடவில்லை. கண்ணை மூடி ஜெபித்தால் ஊரில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

நடந்தது இது. ஜெபமணியின் தலை மட்டும் நிமிர்ந்தபடி நின்றது. கண் மூடியிருந்தது, கை கூப்பியிருந்தது. கழுத்து மட்டும் நட்டு வைத்த தூண்.

பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்ட சொல் ஒன்று பாக்கியவதிக்கு நினைவு வந்தது. பக்கத்தில் நின்றவளின் காதில் அதை ஊதினாள்.

“பாத்தியா? வணங்காக் கழுத்து.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின் வரிசைக்குச் சொன்னாள். அந்தச் சொல் அங்கே சிரிப்பாகி, வரிசையைச் சுற்றிக்கொண்டு போய், ஜெபமணிக்கு வலது பக்கம் நின்றவர்களையும் எட்டியது. ‘ஆமென்’ சொல்வதற்குள் பாடகர் குழு முழுவதும் அதை மனப்பாடம் செய்துவிட்டது. பாட்டை அவர்கள் ஒருபோதும் அவ்வளவு வேகமாகக் கற்றதில்லை.

இருவரும் ஒரே ரிக்ஷாவில் திரும்பினார்கள். கோர்படி ரயில்வே கேட் வழக்கம்போல மூடிக் கிடந்தது. குழிகளில் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் தலையைப் பிடித்துக்கொண்டு முனகிய ஜெபமணி, கேட்டில் நின்றதும் வெளியே எட்டி வாந்தி எடுத்தாள். மடியிலிருந்த பாட்டுத் தாள் காலடி ஈரத்தில் விழுந்தது.

“தாள எடுளா, நனையுது பாரு.”

ஜெபமணி எடுக்கப் பார்த்தாள். முதுகோடு சேர்ந்து மொத்த உடம்பும் பலகை மாதிரி முன்னால் சாய்ந்தது. முகம் மட்டும் எதிரே நின்ற லாரியைப் பார்த்தபடியே இருந்தது.

“குனிஞ்சு பாரேன்!”

“குனிய முடியலக்கா. காலைலருந்து கழுத்து கம்பியா நிக்கி. ஜெபத்துலயும் குனிஞ்சு பாத்தேன். வரல.”

ரயில் ஒன்று கடகடவென்று கடந்து போயிற்று. பாக்கியவதிக்கு அந்தச் சத்தத்திலும் சிரிப்பொலிதான் கேட்டது, பின் வரிசைச் சிரிப்பு. அவள் ஊதிவிட்ட அருமையான சொல், வெறும் உண்மையாக அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜெபமணி மாடி ஏற முடியாமல் கீழ் வீட்டுக் கட்டிலிலேயே விழுந்தாள். “லைட்ட அணைங்க” என்றாள். பிறகு பாக்கியவதியைப் பார்த்து, “அம்மா, திருச்செந்தூர் பஸ் போயிட்டா?” என்று கேட்டாள்.

“உளறுதா அத்தான்” என்றாள் பாக்கியவதி.

“காய்ச்சல் வேகம். நல்லாத் தூங்கி எழுந்தா சரியாப் போகும். தூங்குத ஆள எழுப்பாத, ஏட்டி.” மனுவேல் மருந்துச் சீட்டு எழுதுகிற பாவனையில் காற்றில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேப்பரை விரித்தார்.

டெலிபோன் அடித்தது. சாலமோன் சார்.

“சகோதரி பாக்கியவதி, சகோதரி ஜெபமணியின் முகம் வாடியிருந்ததைக் கவனித்தேன். நாளைக்கு முடியாமல் போனால், நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பாட்டு மனப்பாடமாயிற்றே.”

“கர்த்தர் சித்தம் சார்” என்றாள் பாக்கியவதி, ழகரம் இல்லாத வாக்கியமாகப் பார்த்து.

ரிசீவரை வைத்துவிட்டு நின்றாள். செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அதுதான் அதிலிருந்த விசேஷம். காய்ச்சல்காரியைத் தூங்கவிட்டது எந்த ஊரில் குற்றம்? வைத்தியரே சொல்லியிருக்கிறார். பீரோவைத் திறந்து சந்தன நிறப் பட்டுப் புடவையின் மடிப்பை விரலால் நீவினாள்.

உள்ளறையில் முனகல் கேட்டது. முனகல் இல்லை, பாட்டு. கண்ணைத் திறக்காமல், யாரோ எங்கோ கூப்பிட்டதுபோல ஜெபமணி ஓர் அடியைப் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி எங்கேயோ, தாளம் எங்கேயோ. ஆனால் அந்த ‘ழ’ மட்டும், அந்தக் காய்ச்சலிலும், துடைத்து வைத்த வெண்கலம்.

பாக்கியவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே பயமும் வந்தது. இவள் இப்படியே போய்விட்டால்? அப்புறம் இவளை ஜெயிப்பது எங்கே? காலமெல்லாம், “என்ன இருந்தாலும் ஜெபமணி மாதிரி வருமா?” என்றுதான் சபை பேசும். இருக்கிறவளோடு போட்டி போடலாம். படத்தில் மாலை போட்டு மாட்டியவளோடு எப்படிப் போட்டி போடுவது?

பட்டுப் புடவையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

“ரிக்ஷா! ஏ ரிக்ஷா! கேம்ப் சலோ, ஜல்தி!”

“தூங்குதவள ஏன் எழுப்புத?” என்று மனுவேல் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“தூங்கலத்தான். அவளுக்கு நெனவு தப்புது. எந்திரிங்க, ஒரு பக்கம் பிடிங்க!”

“சைனஸுக்குப் போய்...”

“உங்க சைனஸத் தூக்கிக் குப்பைல போடுங்க!”

இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் மனுவேலின் மருத்துவத்துக்குக் கிடைத்த முதல் எதிர்ப்பு இது. அவர் பேப்பரைப் போட்டுவிட்டு ஒரு பக்கம் பிடித்தார்.

கேட் மறுபடியும் மூடியிருந்தது. பாக்கியவதி ரிக்ஷாவிலிருந்து இறங்கி, மழையில் நின்று, கேட்மேனைப் பார்த்து இந்தியில் பாதியும் மராத்தியில் மீதியுமாகக் கத்தினாள். ரயில் அதற்காக அவசரப்படவில்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் பரூச்சா, கத்தரித்த நரைமுடியோடு ஒரு பார்ஸி அம்மாள். ஜெபமணியைப் படுக்கவைத்து, தலைக்கடியில் கைகொடுத்து மெல்லத் தூக்கினார். தலை மடங்கவில்லை. தோள்கள் சேர்ந்து எழுந்தன. டாக்டரின் முகத்திலிருந்த உபசாரப் புன்னகை போய்விட்டது.

“மேடம், மை டயக்னாசிஸ் இஸ் சைனஸ்” என்றார் மனுவேல்.

“நீங்கள் டாக்டரா?”

“ஹெட் கிளார்க். மெடிக்கல் ஸ்டோர்ஸ்.”

“அப்படியானால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வெளிச்சத்தை மறைக்கிறீர்கள்.”

கேள்விகள் இந்தியில் வந்தன. எப்போது ஆரம்பித்தது? எந்தக் காது? சீழ் வந்ததா? மனுவேல் கூரையைப் பார்த்தார். பாக்கியவதி வாயைத் திறந்தாள். திறந்த பிறகு அவளாலேயே மூட முடியவில்லை.

முதலில் சளி, போன வாரம் வெள்ளிக்கிழமை. ஞாயிறு அன்று இடது காது வலி, நீலச் சேலை கட்டியிருந்தாள். செவ்வாய்க்கிழமை தலையணை உறையில் மஞ்சள் கறை, துவைத்துக் கொடியில் போட்டும் போகவில்லை. அதற்கப்புறம் வலி குறைந்தது, கேட்பதும் குறைந்தது. புதன்கிழமையிலிருந்து போனை வலது காதில்தான் வைக்கிறாள். டிவி சத்தம் கீழ் வீட்டுவரை வருகிறது. வியாழக்கிழமை காய்ச்சல், தலைவலி. நேற்றிலிருந்து வெளிச்சம் ஆகவில்லை. இன்று காலையிலிருந்து கழுத்து. மத்தியானம் வாந்தி. சாயங்காலம் உளறல்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கள் இவருக்குக் கூடப் பிறந்தவரா?”

“இல்ல. ஓரகத்தி.” அதற்கு இந்தியில் என்ன என்று யோசித்து, “மேரி தேவ்ரானி” என்றாள்.

“இந்த அளவுக்குக் கவனிக்கிற உறவை நான் பார்த்ததில்லை” என்றார் டாக்டர் பரூச்சா.

காதில் வந்த தொற்று உள்ளே இறங்கி, மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தொட்டிருக்கிறது என்று சந்தேகப்படுவதாக அவர் விளக்கினார். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆனால் அவை முடியும்வரை மருந்து காத்திருக்காது, ஊசி இப்போதே ஏற வேண்டும். “காய்ச்சலோடு தலைவலி இருந்து, காதும் மந்தமானால் அன்றைக்கே டாக்டரிடம் வர வேண்டும். கழுத்து மடங்காவிட்டாலோ, உளறினாலோ, வெளிச்சம் தாங்காவிட்டாலோ ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தூங்கட்டும் என்று இன்று ராத்திரி விட்டிருந்தால்...” என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. “காதில் ஏதாவது ஊற்றினீர்களா?”

“பூண்டு எண்ணெய்” என்றாள் பாக்கியவதி.

“யார் சொல்லி?”

பாக்கியவதி கணவனைப் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்தார்.

“சீழ் வந்த காதில் ஓட்டை இருக்கலாம். அதற்குள் எதையும் ஊற்றக் கூடாது. எண்ணெய் சமையலுக்கு.”

மனுவேல் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்.

இருட்டுகிற நேரத்தில் ஆசீர் கம்பெனி உடுப்போடு ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் பாக்கியவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

“மதினி, கூடவே கெடந்த எனக்கு ஒண்ணும் தெரியல. பெத்த தாய்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாவ.”

“அழாதிய தம்பி. நான் என்ன பெருசா பாத்துட்டேன்?” என்றாள் பாக்கியவதி. அவள் அன்றைக்குச் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான்.

செய்தி பரவி, சபையார் குடையும் ஹார்லிக்ஸுமாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தது ஜெபமணியை. எல்லோரும் ஜெபித்தது ஜெபமணிக்காக. பாடாமலேயே சபையை ஒரு அறைக்குள் கூட்டிவிட்டாளே என்று பாக்கியவதிக்கு ஒரு மூலையில் வயிறு எரிந்தது. ஆனால் வருகிறவர்கள் தன்னையும் பார்த்து, “அன்புன்னா இதுல்லா!” என்று சொல்லிவிட்டுப் போனதில் எரிச்சல் கொஞ்சம் ஆறியது. மத்தியானம் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்த வாய்களும் அதில் இருந்தன.

நாளைக்குத் தனிப்பாடல் யாருக்கு என்பதில் இனிச் சந்தேகமே இல்லை. சந்தன நிறப் புடவைக்கு எந்தச் சங்கிலி பொருந்தும் என்று அவள் மனசு தன் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தபோது சாலமோன் சார் வந்தார். கைகளைக் கோத்துக்கொண்டார். லோன் குரல்.

“சகோதரி பாக்கியவதி, உங்கள் அன்புக்கு முன்னால் நான் வெட்கப்படுகிறேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?”

“நாளைக்கா? சேச்சே! இவர்களை இப்படிப் போட்டுவிட்டு உங்களைப் பாடச் சொல்ல நான் என்ன கல்நெஞ்சனா? நீங்கள் இவர்கள் பக்கத்திலேயே இருங்கள். உங்கள் ஊழியம் இதுதான். பாட்டுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டேன்.”

பாக்கியவதி வாயைத் திறந்தாள். இந்தத் தடவை உடனே மூடிக்கொண்டாள். அன்பின் சிகரமாக அறிவிக்கப்பட்ட ஒருத்தி, “இல்ல சார், நான் பாடுதேன்” என்று எப்படிச் சொல்வது?

ஸ்கேனுக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் ஊசி ஏறியிருந்தது. இடது காது திரும்பக் கேட்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் ஆசீரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபமணியின் விரல்கள் பாக்கியவதியின் முந்தானையைப் பிடித்தன. பாக்கியவதி குனிந்தாள். அவளுக்குக் கழுத்து நன்றாகவே வளைந்தது.

“என்னளா?”

ஜெபமணி கண்ணைத் திறந்தாள். உளறல் இல்லை. தெளிவாக இருந்தாள்.

“அக்கா, ஜெபத்துல எல்லாரும் சிரிச்சாவல்லா? அந்த வார்த்தைய மொதல்ல சொன்னது யாரு?” என்றாள். பதில் வருவதற்குள், “எனக்கு வலது காது நல்லாத்தான் கேக்குது” என்றாள்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. முந்தானை நழுவியது. பாக்கியவதி வராந்தாவில் நின்றாள்.

மறுநாள் தனிப்பாடலைச் சாலமோன் சாரின் மகள் ரியா, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, ‘மகிழ்ந்து’ என்பதை ‘மகிஸ்ந்து’ என்று பாடினாள்.